மஞ்சள் நிறத்து ஊர்கள்

எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக மரியாதை இருந்தது ஓர் அட்லஸுக்குத்தான். பழுப்பு நிறத் துணி ஒட்டிய கெட்டி அட்டை. அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொடுவார். மற்றவர்கள் தொடவே கூடாது. எந்தப் பக்கத்தைப் பிரிக்க நினைத்தாலும் அது தானாக ஒரே பக்கத்தில்தான் வந்து விரியும். உலகக் காலநிலைப் படம். அத்தனை முறை அதை அவர் பிரித்துப் பார்த்திருந்தார். நடுவில் பூமத்தியரேகையை ஒட்டி அடர்பச்சை, அதற்கு மேலும் கீழும் இளம்பச்சை, பிறகு மஞ்சள், மஞ்சள் முற்றிப் பாலைவனத்தில் ஆரஞ்சு, அதன் பின் ஊதாவும் நீலமுமாகக் குளிர்ந்துகொண்டே போய்த் துருவங்களில் வெறும் வெள்ளை. அரிச்சுவடிக்கு முன்னாலேயே எனக்கு அந்த நிறங்கள் பாடமாகிவிட்டன. இந்தியாவின் தென்கோடியில், இலங்கையைப் பார்த்து நீளும் மூக்கின் மேல், கடுகளவுக்கு ஒரு மஞ்சள் இருந்தது. இராமநாதபுரம் சீமை. அந்தக் கடுகளவு மஞ்சளை நம்பித்தான் அப்பா அம்மாவின் உயிரைக் கொண்டுபோய் வைத்தார்.

அப்பா செங்கோட்டையில் பூகோள வாத்தியார். ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் உலகத்துக் காலநிலை அத்தனையையும் ஐந்தே எழுத்துகளுக்குள் அடக்கிவிட்டார் என்று சொல்லும்போது அவர் குரலில் பக்தியே வந்துவிடும். ஏ என்றால் ஆண்டு முழுதும் வெக்கையும் மழையும், பி என்றால் வறட்சி, சி மிதம், டி கடுங்குளிர், ஈ உறைபனி. பெரிய எழுத்தின் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்தால் மழை எந்தப் பருவத்தில் என்பதும் வந்துவிடும். "கடல் எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம், அட்சரேகை என்ன, மூணையும் சொன்னாப் போதும். அந்த ஊர்ல என்ன விளையும், சனங்க என்ன உடுத்தும்னு நான் இங்க உக்காந்தே சொல்லிருவேன்" என்பார். அது சும்மா பீற்றல் இல்லை. மத்தியதரைக்கடல் காலநிலை கண்டங்களின் மேற்கு ஓரத்தில்தான் இருக்கும், கிழக்கில் தேடாதே என்று சொல்லிவிட்டு, கலிபோர்னியா, சிலி, தென்னாப்பிரிக்காவின் நுனி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்பார். விரல் சரியாக அங்கேதான் இருக்கும். மனிதர்களையும் இப்படித்தான் வகை பிரித்து வைத்திருந்தார். அவருடைய தலைமையாசிரியர் தூந்திரப் பிரதேசம். பள்ளி ஆய்வாளர் சவானா, பார்க்கத்தான் பசுமை. என் தாத்தா, அதாவது அம்மாவின் அய்யா, சுத்தப் பாலைவனம். பகலில் சுடும், ராத்திரியில் குளிரும். அம்மா என்ன வகை என்று நான் ஒருநாள் கேட்டேன். "உங்கம்மாவை இன்னும் வகைப்படுத்தலை" என்றார். அடுப்படியிலிருந்த அம்மா சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் இருமலும் வந்துவிட்டது.

அம்மாவுக்கு இழுப்பு. கல்யாணம் ஆகி வந்த பிறகு வந்த நோய். அவள் பிறந்தது கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். தூரத்துச் சொந்தம் என்று அங்கிருந்து பெண் எடுத்திருந்தார்கள். காய்ந்த காற்றில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து, ஆனி மாதம் தொடங்கினால் ஆவணி வரை சாரல் தூறிக்கொண்டே இருக்கும் ஊரில் வைத்தால் என்ன ஆகும். சுவரெல்லாம் ஓதம் ஏறி, பெட்டியிலிருக்கும் பட்டுப்புடவையில்கூடப் பூசணம் பூக்கும். விடியற்காலையில் அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க மூச்சைப் பிடித்து இழுப்பாள். அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அப்படித்தான் விடிய வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போனால் மட்டும் அந்தச் சத்தம் இருக்காது. அங்கே அம்மா கிணற்றில் தண்ணீர் இறைப்பாள், தலைச்சுமையோடு நடப்பாள், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திப் பேசுவாள்.

தென்காசியில் ஒரு டாக்டர், மாத்திரையும் ஊசியும் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மனம் விட்டுச் சொன்னார். இந்த ஈரம் இவர்களுக்கு ஆகவில்லை, வறண்ட ஊராகப் பார்த்துப் போய்விடுங்கள், மருந்து பாதி, இடம் பாதி என்று. வேறு யாராக இருந்தாலும் இடிந்து போயிருப்பார்கள். அப்பாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. வியாதி அவருடைய பாடத்துக்குள் வந்துவிட்டதல்லவா. அன்று சாயங்காலமே அட்லஸ் விரிந்தது. எங்கள் ஊர் பச்சையில் இருந்தது. கிழக்கே போகப் போகப் பச்சை வெளுத்து, சாத்தூர் தாண்டியதும் மஞ்சள். "மேற்குத் தொடர்ச்சி மலை மழையை எல்லாம் பிடிச்சு வச்சுக்குது. மலையை விட்டுக் கிழக்கே போகப் போக மிச்சம் மீதிதான். அரை வறட்சி. டாக்டர் கேட்டது இதுதான்" என்றார். ஒரு வேதனைக்கு முடிவு கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. அந்த அன்பில் பொய் இல்லை.

இராமநாதபுரத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிய ஒரே அரசு ஊழியர் என் அப்பாவாகத்தான் இருப்பார் என்று எங்கள் வீட்டில் வெகுநாள் கேலி பேசியிருக்கிறோம். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரிகள் மிரட்டுவது அந்தச் சீமையைத்தான். அங்கே போனவர்கள் எப்படித் திரும்பி வருவது என்று அலைவார்கள். இவர் விண்ணப்பத்தைப் பார்த்த குமாஸ்தா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா சார் என்று தாழ்ந்த குரலில் கேட்டாராம். காலியிடத்துக்கா பஞ்சம். இரண்டு இடம் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்று கமுதிப் பக்கம், அம்மாவின் ஊருக்கு ஒரு பஸ் தூரம். இன்னொன்று தேவிபட்டினம், கடற்கரை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவள். "எங்கய்யா ஊருப் பக்கமே போயிருவமே. அங்கன எனக்கு நெஞ்சு லேசா இருக்கு" என்றாள். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவி, துடைத்து, அட்லஸை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தார். இரண்டு ஊரையும் தேட வேண்டிய அவசியமே இல்லை, இரண்டும் அந்தக் கடுகுக்குள்தான். "பாரு, ரெண்டும் ஒரே மஞ்சள். நீ அங்க போறது சித்திரை வைகாசியில. அப்ப எந்த ஊர்லயும் நெஞ்சு லேசாத்தான் இருக்கும். கடற்கரைன்னா பொண்ணுக்கு ராமநாதபுரத்துல நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும், ஆஸ்பத்திரி பக்கம்" என்றார். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அம்மா குனிந்து அந்த மஞ்சளைப் பார்த்தாள். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பதில்லை. அவளுடைய ஊரும் கடலும் அதில் ஒன்றாக இருப்பதைத்தான் நம்ப முடியாமல் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "சரி, நீங்க பார்த்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அப்பாவின் மனசில் வேறொன்றும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின கோடையில் ஒரு கோயில் கொடையின்போது, பந்தியில் நாலு பேர் நடுவில், தாத்தா வாஞ்சையாகச் சொல்லிவிட்டார். "மாப்ள, அங்கன வாடகை வீட்டுல கெடந்து எதுக்குச் சிரமப்படுறீக. பேசாம இங்கிட்டே வந்திருங்க, இருக்கிற வீட்டுல ஒரு பத்தியை ஒதுக்கித் தாரேன்." பெண்ணின் மூச்சு அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த அக்கறையில் சொன்னார். கேட்டவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்பா கடைசிவரை மறக்கவில்லை. மாமனார் ஊரில் போய் ஒண்டியவன் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்பது அவருக்குள் ஊறிக் கிடந்தது. மஞ்சள் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தது அவருக்கு எத்தனை வசதியாகப் போயிற்று பாருங்கள். வித்தியாசமாக இருந்திருந்தால் அவர் தன் மனதோடு கொஞ்சமாவது சண்டை போட்டிருப்பார். படம் அந்தச் சிரமத்தை அவருக்கு வைக்கவில்லை.

தேவிபட்டினத்துக்கு நாங்கள் வந்தது வைகாசிக் கடைசி. தெருக்கோடியில் கடல், கடலுக்குள் நவக்கிரகக் கற்களைச் சுற்றிவரும் யாத்திரைக்காரர்கள், காலையில் அவர்களுடைய ஈரத்துணியும் மத்தியானத்தில் வலைக்காரர்களின் சத்தமுமாக ஊர் எப்போதும் கலகலவென்று இருந்தது. அது கச்சான் வீசும் காலம். தென்மேற்கிலிருந்து, காய்ந்த கண்மாய்களையும் பனங்காடுகளையும் கடந்து, அனலாக வந்து கடலுக்குள் போய் விழும் நிலத்துக் காற்று அது. மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். கண்ணைத் திறக்க முடியாது, ஆனால் அம்மாவுக்கு மூச்சு திறந்துவிட்டது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் ஒரு மாத்திரை கிடையாது. கடற்கரை வரை நடந்து போய்வந்தாள். அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இதே காலநிலை ஆப்பிரிக்காவில் சகாராவுக்குக் கீழே ஒரு பட்டையாக ஓடுகிறது, பிரேசிலின் வடகிழக்கில் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் வடக்கில் இருக்கிறது, உலகத்தில் நமக்கு நாலைந்து பங்காளி ஊர்கள் உண்டு என்பார். "அந்தப் பங்காளிக வீட்டு விசேசத்துக்கெல்லாம் எப்பப் போறது" என்று அம்மா கேட்பாள். எங்கள் வீட்டில் அத்தனை சிரிப்பு இருந்தது அந்த மூன்று மாதங்களில்தான்.

ஐப்பசியில் காற்று திரும்பியது. கச்சான் ஓய்ந்து, கடலிலிருந்து கொண்டலும் வாடையும் மாறி மாறி வீசத் தொடங்கின. மழை பெரிதாக இல்லை; அந்த ஊரில் என்றைக்குத்தான் பெரிதாக இருந்தது. ஆனால் துவைத்துப் போட்ட துணி சாயங்காலம் வரை காயாமல் பிசுபிசுத்தது. தீப்பெட்டி உரசினால் மருந்து வழிந்துகொண்டு வந்தது. அடுப்படியில் ஜாடி உப்பு நீர்த்து, அடியில் தண்ணீராக நின்றது. ஒரு விடியற்காலையில் செங்கோட்டைச் சத்தம் எங்களுக்கு முன்னால் புறப்பட்டு வந்து காத்திருந்ததுபோல அந்த வீட்டிலும் கேட்டது. அம்மா முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அப்பா நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். "மழையே பெய்யலையே" என்றார். அவர் அதை அம்மாவிடம் சொன்னாரா, அட்லஸிடம் சொன்னாரா என்று தெரியாது.

பிழை எங்கே என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த ஐந்து எழுத்துகளும் மழையையும் வெப்பத்தையும் வைத்துப் போட்டவை. ஓர் ஊரில் ஆண்டுக்கு எவ்வளவு மழை விழுகிறது, எந்த மாதத்தில் விழுகிறது, எவ்வளவு வெயில் அதை உறிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. பயிர் வளருமா வளராதா என்பதற்கு அது நல்ல பதில் சொல்லும். காற்றில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று அது கேட்பதே இல்லை. மழைக்கு ஏங்கும் கடற்கரை ஒன்று, காற்றளவில் நனைந்தே கிடக்கலாம். கடற்கரைக்குத் தனி நிறம் கொடுத்த படங்களையும் பிற்காலத்தில் பார்த்தேன். அதுவும் மழை குளிர்காலத்தில் வருகிறது என்பதற்காகத்தான், மூச்சுக்காக இல்லை. டாக்டர் வறண்ட ஊர் என்றது ஒன்று, அட்லஸ் வறண்ட ஊர் என்றது வேறொன்று. இந்தத் தப்பைப் பூகோளம் படிக்காத ஒருவர் செய்திருக்கவே மாட்டார். கடற்காற்று ஈரம் என்பது குழந்தைக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், அவரே வகுப்பில் கடற்காற்று நிலக்காற்றுப் பாடம் நடத்துகிறவர். ஆனால் அந்தப் பாடம் வேறு அத்தியாயத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா காரணங்கள் தேட ஆரம்பித்தார். கருவாடு காயப்போடுகிற தூசிதான் என்றார். வீட்டை மாற்றினோம். விறகுப் புகை என்றார். மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. அம்மா தலைக்குக் குளிப்பதுதான் என்றார், மோர் ஊற்றிக்கொள்வதுதான் என்றார். ஒவ்வொரு கச்சானிலும் அவள் தேறுவாள், அவரும் நிமிர்வார். ஒவ்வொரு வாடையிலும் அவள் விழுவாள், அவர் புதிதாக ஒரு காரணத்தோடு வருவார். பக்கத்து வீட்டில் மரைக்காயர் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் இருந்தார். மிளகுக் கஷாயம் கொண்டுவந்து அம்மாவின் முதுகை நீவி விட்டுக்கொண்டே அவர் அடிக்கடி சொல்வார். "இந்தக் கடக்காத்து ஒனக்கு ஆகல தாயி. நாலு மாசம் ஒங்கம்மா ஊர்ல போயி இருந்துட்டு வா. அல்லா லேசாக்குவான்." அம்மா தலையை ஆட்டுவாள், போகமாட்டாள். வயசுக்கு வரப்போகிற மகளையும் வைத்துக்கொண்டு, கல்யாணமான ஒருத்தி நாலு மாதம் பிறந்த வீட்டில் இருந்தால், கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்றுதான் ஊர் பேசும். அந்தப் பேச்சு அப்பாவைத்தான் சுடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் தன் மூச்சைவிட அவர் முகத்தை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் வருகிற கோபம் அவள்மேலும் வருகிறது.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கார்த்திகையில் தாத்தா இறந்துபோனார். அந்த வருஷம் மழை மாவட்டத்தையே ஏமாற்றியிருந்தது. கண்மாயில் ஆடு மேய்ந்தது. தந்தி வந்த நேரத்தில் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை, துக்கத்தாலும் இழுப்பாலும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு வந்தாள். பரமக்குடி தாண்டிப் பஸ் தெற்கே திரும்பி, இரண்டு பக்கமும் கரிசல் வந்ததும், முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். நான் அதைப் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை, அவர் முன்சீட்டில் இருந்தார்.

பார்க்கத் தவறியதை அவர் காதால் கேட்டது அதற்குப் பிறகுதான். வீட்டு வாசலில் தாத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வட்டம் கூடி, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு மாரடித்து அழுதார்கள். மூத்த மகள் என்பதால் அம்மாதான் ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். "என்னைப் பெத்த அய்யா" என்று அவள் தொடங்கினாள். அந்த ஒரு இழை நீண்டது, நீண்டுகொண்டே போயிற்று, ஏறி வளைந்து இறங்கி, மற்றவர்கள் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்ட பிறகும் அவளுடையது அறுபடாமல் நின்றது. கடற்கரை வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பதற்கு இரண்டு தடவை நிறுத்துகிறவள் அவள். ஆண்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா மெல்ல எழுந்து நின்றார். யாரோ அவர் துக்கம் தாங்காமல் எழுந்ததாக நினைத்துத் தோளைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. அதே கார்த்திகை, அதே மழையில்லாத வருஷம், அதே மஞ்சள். அவள் மறுபடி எடுத்தாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அவருடைய முகத்தில் அன்று நான் பார்த்ததை மாமனாருக்கான அழுகை என்றுதான் ஊர் சொல்லிற்று. நான் அப்படி நினைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அங்க இருந்த நாள் பூராவும் உனக்கு இழுக்கவே இல்லையே" என்றார். "எழவு வீட்டுல அதையெல்லாமா கவனிச்சுக்கிட்டு இருந்தீக" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை கமுதிப் பக்கத்துக்கு மாற்றல் கேட்டு எழுதியது. அந்தப் பக்கம் கேட்பவர் யார் இருக்கிறார்கள். அடுத்த கோடைக்குள் உத்தரவு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். தன் வாழ்நாளில் செய்த ஒரு தப்பை ஒத்துக்கொள்வது அவர் வரைக்கும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அவர் அதை நீட்டிய கையைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா வாங்கவில்லை. கையிலிருந்த வேலையை விடாமல் சொன்னாள். "வேணாம். எங்கய்யா இருந்தப்ப மருவாதையாக் கூப்பிட்டாக, அப்பப் போகல. இப்ப எங்கண்ணன் பொண்டாட்டி வாசல்ல போயி நீங்க நிக்க வேணாம். பெரிய படிப்புப் படிச்சவரு கடைசியில இங்கதான் வந்து சேந்தாருன்னு அங்கன ஒருத்தரும் ஒங்களைச் சொல்லக் கூடாது." அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் என்னைக் காட்டினாள். இவள் பள்ளிப் படிப்பு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று முடித்துவிட்டாள். வாடை வரும், போகும், இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு கிடக்கவில்லையா, இன்னும் கொஞ்சம் கிடந்தால் என்ன என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை விட்டுவிட்டுப் போக மனசில்லை என்றும் ஒரு காரணம் சேர்த்தாள். அதுவும் பொய்யில்லை.

அப்பா அந்த உத்தரவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தார். இங்கேதான் எனக்கு ஆறவே இல்லை. முதல் தப்பு படிப்பால் வந்தது, அதை மன்னித்துவிடலாம். ஒரு படத்தை நம்பியவர் ஏமாந்தார். இரண்டாவது தடவை அவர் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. அவள் விட்டுக்கொடுத்தாள், அவர் எடுத்துக்கொண்டார். நமக்குச் சௌகரியமான தியாகத்தை அடுத்தவர் செய்ய வரும்போது அதைத் தடுக்க நமக்குத் தெம்பே வருவதில்லை. அவர் சத்தம் போட்டிருக்கலாம். சாமான்களை வண்டியில் ஏற்றியிருக்கலாம். மற்ற விஷயத்திலெல்லாம் அவள் பேச்சைக் கேட்காதவர், இந்த ஒன்றில் மட்டும் மனைவி சொல் தட்டாதவராகிவிட்டார். அட்லஸ் அதற்குப் பிறகு அதிகம் வெளியே வரவில்லை. பங்காளி ஊர்களைப் பற்றியும் பேச்சு எழவில்லை.

நான் மதுரையில் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வருஷம், வாடைக்காலத்தில், அம்மா போய்விட்டாள். முந்தின நாள் பெரியம்மா வீட்டுப் பேரனுக்குச் சுன்னத்து விருந்து. அதற்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். விடியும்போது இழுப்பு கண்டிருக்கிறது. வண்டி பிடித்து இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதியும் போதவில்லை என்று அழுதார். அப்பா அழவில்லை. வந்தவர்கள் எப்படி ஆயிற்று என்று கேட்டால், காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார். ஒவ்வொருவரிடமும் அதே சொற்கள். கடலிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. அது இதமாக இருப்பதாக வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

அப்பாவின் கடைசிக் காலத்து மாணவர் ஒருவரைப் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் சந்தித்தேன். காலநிலைப் பாடம் நடத்தி முடித்ததும் அப்பா படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, இதைப் பார்த்துப் பரீட்சை எழுதுங்கள், குடி போகாதீர்கள், குடி போவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள் என்பாராம். வகுப்பே சிரிக்குமாம். அந்த மாணவர் அதை ஒரு நல்ல நகைச்சுவையாகத்தான் எனக்குச் சொன்னார், நானும் சிரித்து வைத்தேன். அங்கே இருந்தவள் அவர் வீட்டு அடுப்படியிலேயே இருந்தாள். கேட்காமலும் சொன்னாள். இப்போது சாயங்காலச் செய்தியில் வெப்பநிலையைச் சொன்ன கையோடு காற்றின் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று ஒரு பெண் புன்னகையோடு வாசிக்கிறாள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. நான் ஒருத்தி மட்டும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன், ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் அப்பா யாரையும் கலந்துகொள்ளாமல் ஒரு காரியம் செய்தார். அம்மாவின் ஊருக்குக் குடிபோனார். மாமாவிடம் கேட்டு, தாத்தா அன்று தருவதாகச் சொன்ன அந்தப் பத்தியையே வாடகைக்கு எடுத்துக்கொண்டார். மாமாவுக்கு வாடகை வாங்கக் கூச்சம், இவருக்குச் சும்மா இருக்கக் கூச்சம். அத்தை பின்கட்டில் முணுமுணுத்தாள், ஊர் அவர் காதுபடவே பேசிற்று. வாழ வேண்டிய காலத்தில் வராதவர் சாகிற காலத்தில் வந்திருக்கிறார் என்றார்கள். அவர் பயந்த பேச்செல்லாம் ஒன்று விடாமல் வந்தது. அதையெல்லாம் தன் பாக்கி என்பதுபோல வாங்கிக்கொண்டு, பொங்கித் தின்றுகொண்டு, பதினைந்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். எனக்கு அது புரிய நாளாயிற்று. முதலில் கோபம்தான் வந்தது. இப்போது வந்து யாருக்கு என்ன லாபம் என்று ஒருதரம் கேட்டே விட்டேன்.

அவர் போவதற்கு முந்தின வருஷம் ஒரு கார்த்திகையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபத்தைந்து தாண்டியிருந்தார், கண் மங்கியிருந்தது. வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காய்ந்த கரிசல், லேசான வெயில், ஈரமே இல்லாத காற்று. என்னோடு வந்துவிடுங்கள், இங்கே ஒண்டியாக எதற்கு, உங்களுக்கு இந்த ஊரில் என்னதான் இருக்கிறது என்று வழக்கம்போலக் கெஞ்சினேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிறவர்போல நிறுத்தி வைத்திருந்து, மெதுவாக விட்டார்.

"இங்கதாம்மா மூச்சு நல்லா வருது" என்றார்.

அப்பாவுக்கு நெஞ்சில் எந்தக் கோளாறும் ஒருநாளும் இருந்ததில்லை.